கைப்பிடி வைத்த எடைக்கல்

ஒரு இரும்புக் குண்டு, அதன் தலையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வளையம். கெட்டில்பெல் என்பது அவ்வளவுதான். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு வலிமை, துள்ளல், மூச்சுத்திறன், முதுமையிலும் தளராத கால்கள் எல்லாவற்றையும் பெற்றுவிடலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பார்பெல்லுக்கு ஈடாகாது, ஓட்டத்துக்கும் ஈடாகாது, வந்து போகும் மோகம் என்று இன்னொரு சாரார் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒன்பது ஆண்டுகளாக இதைக் கையில் எடுத்துவருபவன் நான். இதுபற்றி ஆய்வுக்கூடங்களில் அளந்து எழுதியவற்றையும் தேடிப் படித்திருக்கிறேன். எனக்குத் தெளிவானது இது: கெட்டில்பெல் எந்த ஒன்றிலும் முதலிடம் வாங்கித் தருவதில்லை. ஆனால் பல திறன்களில் ஒரே நேரத்தில் இரண்டாம் இடத்தை, வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில், வீட்டு மொட்டைமாடியிலேயே தரக்கூடிய வேறு கருவியை நான் பார்க்கவில்லை. நடுவயதைத் தொட்டவருக்கு அந்த இரண்டாம் இடம்தான் வேண்டியிருக்கிறது.

ரஷ்ய மொழியில் இதன் பெயர் கிரியா. எடைக்கல் என்றுதான் பொருள். 1704இல் வந்த ரஷ்ய அகராதியிலேயே அந்தச் சொல் உண்டு. தானியச் சந்தைகளில் தராசுத் தட்டில் வைத்த இரும்பு இது. அங்கே எடையின் அலகு பூட், அதாவது 16.38 கிலோ. இன்றும் கடைகளில் 16, 24, 32 கிலோ என்று கெட்டில்பெல் கிடைப்பதற்கு அந்த ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட் கணக்குதான் காரணம். நம் ஊர் மண்டிகளில் கைப்பிடி வைத்த பெரிய எடைக்கற்களைத் தூக்கிப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. வேலை ஓய்ந்த நேரத்தில் அதை யார் தலைக்கு மேல் தூக்குவார், யார் அதிக முறை தூக்குவார் என்ற போட்டி அந்தச் சந்தைகளில் தானாகவே முளைத்தது.

சந்தைப் போட்டியை உடற்பயிற்சியாக்கியவர்களில் முக்கியமானவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மருத்துவர் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி. 1885இல் அவர் தன் வீட்டிலேயே பளுதூக்கும் ஆர்வலர்களின் குழு ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் அவரிடம் பயின்றவர். சோவியத் காலத்தில் இது முறையான விளையாட்டாக வளர்ந்து, 1985இல் லிபெட்ஸ்க் நகரில் முதல் தேசிய சாம்பியன்ஷிப் நடந்தது. மேற்கே இதைப் பரவலாக்கியவர் மின்ஸ்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பாவெல் சத்சூலின். 1998இல் அவர் எழுதிய ஒரு பத்திரிகைக் கட்டுரையும் 2001இல் வந்த புத்தகமும், அதே ஆண்டில் அமெரிக்காவில் வார்க்கத் தொடங்கிய கெட்டில்பெல்களும் சேர்ந்து ஒரு அலையைக் கிளப்பின. இன்று நம் ஜிம்களின் மூலையில் வரிசையாக நிற்பவை அந்த அலையில் வந்தவை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கர்லாக்கட்டையின் மறுவடிவம்தான் கெட்டில்பெல் என்று நம்மவர்கள் சிலர் பெருமையோடு சொல்வார்கள். இரண்டின் வரலாறும் வேறு. கர்லாக்கட்டையை இந்தியாவில் பார்த்த ஆங்கிலேய ராணுவத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. அந்தப் பெருமை நமக்குப் போதும். வேலையும் வேறு: கர்லாக்கட்டை தோளை மையமாக வைத்துச் சுழல்வது, கெட்டில்பெல் இடுப்பிலிருந்து புறப்படுவது.

அதன் வடிவத்தில்தான் எல்லாம் இருக்கிறது. டம்பெல்லில் எடை உள்ளங்கையின் இரு பக்கமும் சமமாக நிற்கும். கெட்டில்பெல்லில் எடையின் மையம் கைப்பிடிக்குச் சில அங்குலம் கீழே தொங்குகிறது. அதனால் அது ஊசல்போல ஆடும். வீசி ஆட்டினால் கை நீண்டதுபோல் ஆகி, 16 கிலோ தன் எடையைவிட அதிகமாக இழுக்கும். மெதுவாகத் தூக்கி இறக்குவதற்குச் செய்த கருவி அல்ல அது, வேகமாக முடுக்கி வேகமாகத் தடுப்பதற்கு ஏற்றது.

ஸ்விங் என்ற அசைவைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். கெட்டில்பெல் கால்களுக்கு ஒரு அடி முன்னால் தரையில் இருக்கிறது. கால்களைத் தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விரித்து நிற்கிறீர்கள். முழங்காலை லேசாக மட்டும் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளிச் சாத்துவதுபோல் இடுப்பைப் பின்னே கொண்டுபோகிறீர்கள். முதுகு பலகைபோல் நேராக இருக்கிறது, தொடையின் பின்பக்கம் விறைக்கிறது. கைப்பிடியைப் பற்றி, பந்தைத் தொடைகளுக்கு நடுவே பின்னுக்கு எறிகிறீர்கள். முன்கை தொடையின் மேற்பகுதியில் உரசும் அந்தக் கணத்தில் சட்டென்று நிமிர்கிறீர்கள். பிட்டத் தசை கல்போல் இறுகுகிறது, மூச்சு 'ஸ்' என்று வெளியேறுகிறது, பந்து தானாக மார்பு உயரத்துக்கு மிதந்து வருகிறது. கை அதைத் தூக்குவதில்லை, கயிறுபோல் பிடித்திருக்கிறது. மேலே ஒரு கணம் எடையே இல்லாததுபோல் தோன்றும். அந்தக் கணம் வந்தால் அசைவு சரி என்று அர்த்தம்.

முதல் ஆறு மாதம் எனக்கு அந்தக் கணம் வரவே இல்லை. பஸ்கி போடுவதுபோல் உட்கார்ந்து எழுந்து, தோளால் தூக்கிக்கொண்டிருந்தேன். நான் சேர்ந்திருந்த ஜிம்மில் கெட்டில்பெல் இருந்தது, சொல்லித்தர ஆள் இல்லை. கண்ணாடியைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். கண்ணாடியைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் கழுத்தும் இடுப்பும் வளையும் என்பது அப்போது தெரியாது. ஒருநாள் இருபதாவது ஸ்விங் முடித்து, களைப்பில் முதுகை வளைத்து அப்படியே கீழே வைத்தேன். கீழ்முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை. ஸ்விங் செய்தபோது அல்ல, கீழே வைத்தபோதுதான் அடிபட்டது. பிறகு பலரிடம் கேட்டதில் அவர்களுக்கும் அப்படியே நடந்திருந்தது.

முதுகுக்கு இது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அளந்து பார்த்த பதில் ஒன்று உண்டு. கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில், மார்ஷல் என்பவரோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு ஆண்களை 16 கிலோவோடு ஸ்விங் செய்யவைத்து அளந்தார். கீழ்முதுகின் மூட்டில் விழுந்த அழுத்தம் ஏறத்தாழ 3,200 நியூட்டன், அதாவது சுமார் 325 கிலோ எடை மேலே நின்றால் வருகிற அழுத்தம். கனமான டெட்லிஃப்டோடு ஒப்பிட்டால் இது பெரிதல்ல. கவனிக்க வேண்டியது வேறு. வழக்கமான பளுதூக்கலில் மேலெலும்பு கீழெலும்பின் மேல் ஒரு திசையில் வழுக்கப் பார்க்கும் என்றால், ஸ்விங்கில் அதற்கு எதிர்த்திசையில் வழுக்கப் பார்க்கிறது. சிலருக்கு ஸ்விங் முதுகுவலியைத் தீர்ப்பதும், கனமான பளுவை வலியில்லாமல் தூக்கும் வேறு சிலருக்கு இந்த எளிய அசைவே வலிப்பதும் இதனால் இருக்கலாம் என்கிறது அந்த ஆய்வு. முதுகுவலிக்கு ஸ்விங் மருந்து என்று எல்லாருக்கும் பொதுவாக எழுதிக்கொடுப்பவர்களை இதனால்தான் நான் நம்புவதில்லை.

டென்மார்க்கில் கென்னத் ஜே குழுவினர் 2011இல் வெளியிட்ட சோதனை இதற்கு மறுபக்கம். தசைவலித் தொல்லை அதிகமுள்ள வேலைகளில் இருந்த 40 பேர், பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள். அவர்களில் பாதிப்பேர் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் கெட்டில்பெல் பயின்றார்கள். கழுத்து, தோள், கீழ்முதுகு வலி குறைந்தது. முதுகை நிமிர்த்தும் தசைகளின் வலிமை கூடியது. மூச்சுத்திறன் மட்டும் கூடவில்லை.

அந்தக் கடைசி வரியை விற்பனையாளர்கள் சொல்வதில்லை. மூச்சுத்திறன் விஷயத்தில் சான்றுகள் ஒன்றுக்கொன்று முட்டுகின்றன. 2010இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் பத்து இளைஞர்கள் 16 கிலோவோடு பன்னிரண்டு நிமிடம் முடிந்தவரை ஸ்விங் செய்தார்கள். இதயத்துடிப்பு உச்சத்தின் 87 சதவீதத்தைத் தொட்டது, உடல் உள்வாங்கிய ஆக்சிஜன் உச்சத்தின் 65 சதவீதத்தில் நின்றது. இந்த இடைவெளி முக்கியமானது. இறுகப் பற்றுவதும் தசையை விறைப்பதும் இதயத்தைத் துரத்துகின்றன, ஆனால் ஓட்டத்தில் நடக்கிற அளவு ஆக்சிஜன் செலவாவதில்லை. கையில் கட்டிய கடிகாரம் 170 துடிப்பு என்று காட்டினால் அது ஓட்டப்பந்தயத்தின் 170 அல்ல. 2012இல் ஓட்டப்பொறியையும் ஸ்விங்கையும் ஒரே அளவு சிரமத்தில் ஒப்பிட்டபோதும் ஆக்சிஜனும் கலோரியும் ஓட்டத்தில்தான் கூடுதலாகச் செலவாகின. மறுபக்கம், கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியினர் பதினைந்து விநாடி ஸ்னாட்ச் (பந்தை ஒரே வீச்சில் தலைக்கு மேல் ஏற்றுவது), பதினைந்து விநாடி ஓய்வு என்று இருபது நிமிடம், வாரம் மூன்று நாள், நான்கே வாரம் செய்து ஆக்சிஜன் உச்சத்தை ஏறத்தாழ 6 சதவீதம் உயர்த்தினார்கள். டென்மார்க் ஊழியர்களுக்குக் கிடைக்காதது இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? கருவி ஒன்றுதான், கடுமைதான் வேறு. பந்தைத் தலைக்கு மேல் ஓயாமல் ஏற்றினால் மூச்சு வளரும், மிதமாக ஆட்டினால் முதுகும் பிட்டமும் வளரும். இரண்டையும் ஒரே பயிற்சியில் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது. என் வழக்கம் ஸ்விங்குக்கு மூன்று நாள், வேக நடைக்கு மூன்று நாள். நடையை விட்டுவிட்டு கெட்டில்பெல் மட்டும் போதும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

வலிமைக்கு வருவோம். 2012இல் லேக், லாடர் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 21 ஆண்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு முறை பன்னிரண்டு நிமிட ஸ்விங் கொடுத்தார்கள். எடை வெறும் 12 அல்லது 16 கிலோ. ஆறு வாரத்தில் பார்பெல் அரை ஸ்குவாட்டின் உச்ச எடை ஏறத்தாழ 10 சதவீதம் கூடியது, குதிக்கும் உயரமும் கூடியது. இவ்வளவு சிறிய எடை பார்பெல் வலிமையை ஏன் கூட்டுகிறது? வலிமை என்பது தசையின் பருமன் மட்டுமல்ல, நரம்பு அதை எவ்வளவு வேகமாக எழுப்புகிறது என்பதும்தான். ஸ்விங் அந்த எழுப்புதலைப் பழக்குகிறது. அதே ஆண்டில் ஓட்டோவும் குழுவினரும் 30 ஆண்களை வைத்து ஒலிம்பிக் பளுதூக்கலையும் கெட்டில்பெல்லையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். குதிக்கும் திறன் இரு குழுவிலும் கூடியது. ஸ்குவாட் வலிமை மட்டும் பளுதூக்கியவர்களுக்குப் பதின்மூன்று சதவீதத்துக்கு மேலும், கெட்டில்பெல்காரர்களுக்கு நான்கரை சதவீதமும் உயர்ந்தது. ஆறே வாரம், சின்னக் குழு, இளம் ஆண்கள் என்று இந்த ஆய்வுகளுக்கு எல்லைகள் உண்டு. இருந்தாலும் அவை காட்டும் திசை என் அனுபவத்தோடு பொருந்துகிறது. தசை பெருக்க வேண்டுமா, 150 கிலோ ஸ்குவாட் போட வேண்டுமா, பார்பெல்லுக்குப் போங்கள்.

கெட்டில்பெல்லின் இன்னொரு எல்லை படிக்கட்டு. பார்பெல்லில் ஒரு கிலோ கூட்டலாம். பழைய பூட் வரிசையில் 16க்கு அடுத்தது 24, ஒரே தாவில் பாதிக்குப் பாதி. அதனால்தான் இதில் முன்னேற்றம் என்பது முதலில் எண்ணிக்கையைக் கூட்டுவது, பிறகு ஓய்வைக் குறைப்பது, கடைசியாக எடையை மாற்றுவது. பொறுமை இல்லாதவர் இங்கேதான் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்.

போட்டி விளையாட்டாகப் பார்த்தால் இதன் முகமே வேறு. பத்து நிமிடம், பந்தைக் கீழே வைக்கக் கூடாது. ஸ்னாட்ச் போட்டியில் கையை ஒரே ஒரு முறை மாற்றலாம். போட்டிக்கான பந்துகள் எஃகில் செய்தவை. எட்டுக் கிலோவானாலும் 32 கிலோவானாலும் ஒரே அளவு, நிறத்தால்தான் அடையாளம்: 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு. எடை மாறினாலும் முன்கையில் பந்து படுகிற இடம் மாறக்கூடாது என்பதற்காக அப்படி. அந்த வீரர்கள் உடலைத் தளர்த்தி, ஒவ்வொரு அசைவிலும் சக்தியை மிச்சம் பிடிப்பார்கள். சத்சூலின் பரப்பிய கடும்பாணியிலோ ஒவ்வொரு அசைவும் முழு வீச்சு, முழு இறுக்கம், குறைந்த எண்ணிக்கை. எது சரி என்று இரு தரப்பும் இன்னும் வாதாடுகின்றன. பத்து நிமிடம் தாங்க வேண்டியவருக்குச் சிக்கனம் வேண்டும், வலிமை தேடுபவருக்குச் செலவு வேண்டும், அவ்வளவுதான். பந்தைத் தலைக்கு மேல்வரை ஆட்டும் கிராஸ்ஃபிட் ஸ்விங்கை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தோள் முழுமையாகத் திறக்காதவர், அதாவது மேசையில் வேலை பார்க்கும் நம்மில் பெரும்பாலோர், அந்தக் கடைசி ஒன்றரை அடியைக் கீழ்முதுகை வளைத்துத்தான் அடைகிறார்கள்.

என் அக்கறை முழுக்க இருப்பது வயதாகும்போது நடப்பதில். முப்பதைத் தாண்டினால் தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது. வலிமை அதைவிட வேகமாகக் குறைகிறது. எல்லாவற்றையும்விட வேகமாகப் போவது வெடிப்பு, அதாவது கண நேரத்தில் விசையைத் திரட்டும் திறன். கால் இடறியவுடன் அடுத்த காலை முன்னே ஊன்றுகிறோமே, அது இந்தத் திறன்தான். நடைப்பயிற்சி அதைக் காப்பாற்றுவதில்லை. காலையில் பூங்காவில் ஒரு மணி நேரம் நடப்பவர்கள் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது ஒரு காரணமில்லாமல் நடப்பதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியையும், 65 கடந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலை, வலிமைப் பயிற்சியையும் கேட்கிறது. முதல் பாதியை நம் மருத்துவர்கள் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவது பாதி பெரும்பாலும் சொல்லப்படுவதே இல்லை.

பிடிவலிமையைப் பாருங்கள். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வந்த ப்யூர் ஆய்வில், பிடிவலிமை ஐந்து கிலோ குறைவதற்கு மரண அபாயம் 16 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. பந்தைப் பற்றினால் ஆயுள் நீளும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உடம்பு முழுவதும் எப்படி இருக்கிறது என்பதற்குக் கைப்பிடி ஒரு கண்ணாடி. ஆஸ்திரேலியாவில் 59 முதல் 79 வயதுவரை, உடலுழைப்பு குறைந்த 32 பேரை மூன்று மாதம் கெட்டில்பெல் பயிலவைத்த ஆய்வில் அவர்களின் பிடிவலிமை நன்றாகக் கூடியது. பயிற்சிக்குப் பழக்கமில்லாத அந்த வயதுக்காரர்களும் இதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதே எனக்கு அதில் பெரிய செய்தி.

என் அம்மாவுக்கு 66 வயதில் சொல்லிக்கொடுத்தேன். முதல் மாதம் பந்தே இல்லை. சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நின்று, பிட்டத்தால் சுவரைத் தொட்டுவிட்டு நிமிர வேண்டும். தொட்டால் அரை அடி முன்னே நகர்ந்து மறுபடி. "இது குடம் எடுக்குற மாதிரிதானே?" என்றார். குடத்தைக் குனிந்துதான் எடுப்பீர்கள் அம்மா, இதில் முதுகு குனியக் கூடாது, இடுப்புதான் மடங்க வேண்டும் என்றேன். இரண்டாம் மாதம் ஆறு கிலோவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஜான் பரப்பிய கோப்லெட் ஸ்குவாட்டின் எளிய வடிவம் அது. எடை முன்னால் இருப்பதால் உடல் தானாக நிமிர்ந்துகொள்கிறது. பிறகு தரையில் படுத்து எழுகிற துருக்கிய எழுச்சியின் பாதி, கையில் பந்துக்குப் பதில் ஒரு காலி டம்ளரோடு. டம்ளர் உருளாமல் முழங்கையில் சாய்ந்து, உள்ளங்கையை ஊன்றி உட்கார வேண்டும். எட்டுக் கிலோவில் ஸ்விங் வந்து சேர நான்கு மாதம் ஆனது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகுதான் தொடங்கினோம். கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், காலில் மின்னலாய் இறங்கும் முதுகுவலி ஆகியவை இருப்பவர்கள் அதைச் சரிபார்க்காமல் பந்தைத் தொடவே கூடாது.

வாங்குகிறவர்கள் கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மலிவான வார்ப்பில் நடுவே ஒரு வரம்பு ஓடும். ஐம்பது ஸ்விங்கில் அது உள்ளங்கைக் காய்ப்பைக் கிழித்துவிடும். பழக்கமில்லாத ஆணுக்கு 16 கிலோவும், பெண்ணுக்கு எட்டு அல்லது 12 கிலோவும் தொடக்கத்துக்குப் பொருந்தும். மூன்று நான்கு வாங்க வேண்டாம், ஒன்று போதும். சத்சூலின் 2013இல் எழுதிய திட்டம் பத்து பத்தாக நூறு ஸ்விங், பத்து துருக்கிய எழுச்சி, அவ்வளவுதான். ஆண்களுக்கு 32 கிலோ அதன் இலக்கு. நான் இன்னும் 24இல்தான் இருக்கிறேன்.

அம்மா இப்போது எட்டுக் கிலோவில் பத்து ஸ்விங், ஒரு நிமிட ஓய்வு, ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பந்து கடைசியாகத் தொடைகளுக்கு நடுவே பின்னால் போய் வரும்போது, இடுப்பை மடித்தபடியே, முதுகு நேராக இருக்க, எடுத்த இடத்திலேயே அதை வைக்கிறார். கைப்பிடியை விட்ட பிறகுதான் மூச்சு விடுகிறார். ஸ்விங்குக்கு முன்பு நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வைப்பைத்தான்.